பம்ப் நகர்ந்தது நெஞ்சில், பாக்கி சிறுநீரகத்தில்

ஐ.சி.யூ.வில் கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையைச் சொந்தக்காரர்கள் உற்றுப் பார்ப்பதில்லை. அவர்கள் கண் மானிட்டரில் ஓடும் கோடுகள் மேலேயே இருக்கும். ஆனால் இதயத்துக்குள் பம்ப் வைத்த நோயாளியைக் கவனிக்கும் அனுபவமுள்ள செவிலியர், பணிக்கு வந்ததும் குனிந்து பார்ப்பது அந்தப் பையைத்தான். நேற்று இரவு வெளிர் மஞ்சளாக இருந்த சிறுநீர் காலையில் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால், உள்ளே இருக்கும் பம்ப் இடம் மாறியிருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிடும். எக்கோ கருவியை (ஒலியலை கொண்டு இதயத்தைப் படம் பார்ப்பது) கொண்டுவரச் சொல்வார்.

நகர்ந்த பம்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவரப் பெரும்பாலும் சில நிமிடங்கள் போதும். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி முடித்துவிடலாம். அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்போம். முடிவதில்லை. அந்த நகர்வின் பாக்கி வேறோர் உறுப்பில், மாதங்கள் கழித்து, வேறொரு மருத்துவரின் மேசையில் வந்து விழுகிறது. அவருக்கு அந்த இரவு நடந்தது பெரும்பாலும் தெரியாது.

முதலில் சாதனம் என்ன என்று பார்த்துவிடலாம். பெரிய மாரடைப்பில் இதயத் தசையின் கணிசமான பகுதி ஓய்ந்துபோய், ரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் போதிய ரத்தம் போகாத நிலை வரும். கார்டியோஜெனிக் ஷாக் என்பார்கள். அப்போது சில நாட்களுக்கு இதயத்தின் வேலையைத் தாங்கிக்கொள்ள வைக்கும் பம்புகளில் இன்று அதிகம் பேசப்படுவது இம்பெல்லா. தொடைத் தமனி வழியாக நுழைத்து, மகாதமனியின் வளைவைச் சுற்றி, அதன் வாயிலில் இருக்கும் அயோர்ட்டிக் வால்வைத் தாண்டி இடது கீழறைக்குள் அதன் முனையை இறக்குவார்கள். இம்பெல்லாவில் பரவலாகப் பயன்படும் சி.பி. ரகத்தின் பம்ப் பகுதி ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான். அதற்குள் ஒரு குட்டித் திருகு நிமிடத்துக்கு 46,000 சுற்று வரை சுழலும். கீழறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி, வால்வுக்கு மேலே மகாதமனியில் கொட்டும்.

இந்த யோசனைக்கு ஒரு நல்ல முன்கதை உண்டு. ரிச்சர்ட் வாம்ப்லர் என்ற அமெரிக்க மருத்துவர் 1970களில் எகிப்துக்குப் போனபோது, கிராமத்தார் ஆர்க்கிமிடீஸ் திருகைச் சுற்றித் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தார். அதே திருகை ரத்தத்துக்குப் பயன்படுத்தினால் என்ன என்று தோன்றியது. அவர் உருவாக்கிய ஹீமோபம்ப் 1988இல் முதல்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வால்வின் குறுக்கே ஒரு குழாயைக் கிடத்தி ரத்தம் இறைக்கும் முறைக்கு அதுதான் தொடக்கம். இம்பெல்லா அந்த வழியில் வந்தது.

தண்ணீர் இறைப்பதை வைத்தே சிக்கலையும் புரிந்துகொள்ளலாம். கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாய் ரொம்ப இறங்கினால் ஃபுட் வால்வு சேற்றில் முட்டும். ரொம்ப ஏறினால் காற்றை இழுக்கும். இரண்டிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், தண்ணீர் வராது. இதயத்திலும் ஏறக்குறைய அதேதான். ஆனால் கிணறு நிமிடத்துக்கு எண்பது தடவை சுருங்கி விரிவதில்லை. கிணற்றுக்குள் குழாயைச் சுற்றி மெல்லிய நாண்கள் தொங்குவதுமில்லை. இடது கீழறைக்குள், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வின் இதழ்களைப் பிடித்திருக்கும் நாண்கள் அப்படித்தான் இருக்கின்றன, பம்பின் வாய்க்கு மிகப் பக்கத்தில்.

சி.பி. ரகத்தில் உறிஞ்சும் வாய் அயோர்ட்டிக் வால்வின் வளையத்துக்குக் கீழே சுமார் 3.5 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். எக்கோவில் அளந்துதான் வைப்பார்கள். இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக உள்ளே போனால் வாய் நாண்களுக்கோ தசைச் சுவருக்கோ அருகில் போய்விடும். இன்னும் உள்ளே போனால் ரத்தம் கொட்ட வேண்டிய துளையும் வால்வுக்குக் கீழேயே நின்றுவிடக் கூடும். வெளியே வந்தால் உறிஞ்சும் வாய் மகாதமனிக்கு ஏறிவிடக் கூடும்.

நகர்வதற்குப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. ஆஞ்சியோகிராம் செய்யும் கேத் லேப் மேசையிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது ஓர் இழுப்பு. குழப்பத்தில் நோயாளி காலை மடக்குவது. நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுக்க நேர்வது. யாரும் தொடாமலேயே நகர்வதும் உண்டு: வைத்தபோது மகாதமனி வளைவில் கொஞ்சம் தொய்வாகக் கிடந்த கதீட்டர் (பம்பைத் தாங்கி வரும் மெல்லிய குழாய்), சில மணி நேரத்தில் இறுகி, முனையை உள்ளே தள்ளும். இன்னொரு விசித்திரம், சிகிச்சை வெற்றி பெறுவதாலும் இடம் மாறலாம். பம்ப் வேலை செய்து கீழறையின் சுமையைக் குறைக்கக் குறைக்க அறை சிறுத்துவரும். நேற்று நடுவில் இருந்த வாய் இன்று சுவரோரம். பம்ப் நகரவில்லை, இதயம் அதை நோக்கி நகர்ந்திருக்கிறது.

திரையில் இரண்டு அலைகள் ஓடும். ஒன்று பம்ப் இருக்கும் இடத்தின் அழுத்தம், மற்றது மோட்டார் இழுக்கும் மின்னோட்டம். சரியான இடத்தில் இருந்தால் மின்னோட்டம் இதயத் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும், ஏனென்றால் குழாயின் இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு துடிப்புக்குத் துடிப்பு மாறுகிறது. பம்ப் முழுவதும் கீழறைக்குள் போய்விட்டாலும், முழுவதும் மகாதமனிக்கு வந்துவிட்டாலும் இரு முனையும் ஒரே அறையில்தான். மின்னோட்டக் கோடு தட்டையாகிவிடும். கொஞ்சம் மட்டும் விலகியிருந்தால் கோடு இவ்வளவு தெளிவாகப் பேசாது. உறிஞ்சல் எச்சரிக்கை ஒலிக்கும், வேகத்தைக் குறைப்பார்கள், ஒலி நிற்கும், மறுபடி ஒலிக்கும். இந்தக் கண்ணாமூச்சி ஓடும் சில மணி நேரம்தான் பின்னால் வரும் பாக்கியின் பெரும்பகுதியை எழுதுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரிசெய்வது இப்படி: வேகத்தைக் குறைத்துவிட்டு, எக்கோவில் பார்த்தபடி சென்டிமீட்டர் சென்டிமீட்டராக இழுப்பார்கள், அல்லது தள்ளுவார்கள். பிறகு பிடிப்பை இறுக்கி, கதீட்டரின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். பம்ப் முழுக்க மகாதமனிக்கு வந்துவிட்டால் மட்டும் கதை வேறு. வழிகாட்டிக் கம்பி இல்லாமல் வால்வைத் தாண்டி அதை மறுபடி உள்ளே குத்துவது ஆபத்து.

சரி, பம்ப் இடத்துக்கு வந்துவிட்டது. அப்புறம்?

வாய் சுவரோரம் நின்ற நேரத்தில் ரத்தத்துக்கு என்ன ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். குறுகிய இடைவெளி வழியாக அதிவேகத்தில் இழுக்கப்படும் சிவப்பணுக்கள் கிழிகின்றன. உள்ளே இருந்த ஹீமோகுளோபின் பிளாஸ்மாவில் கொட்டுகிறது. இதைத் துடைத்தெடுக்க உடலில் ஹாப்டோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது, ஆனால் அதன் இருப்பு கொஞ்சம்தான். அது தீர்ந்ததும் இரண்டு காரியங்கள் நடக்கும். கட்டற்ற ஹீமோகுளோபின், ரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துத் தின்றுவிடும். குழாய்கள் சுருங்கும், தட்டணுக்கள் ஒட்டத் தொடங்கும். இன்னொரு பக்கம் அது சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு நுண்குழல்களை அடைத்து, அதிலுள்ள ஹீம் அந்தக் குழல்களின் உட்பூச்சு செல்களை நேரடியாகக் கொல்லும். கடுந்தேநீர் நிறம் அங்கிருந்துதான். பிளாஸ்மாவில் கட்டற்ற ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டினால் சிவப்பணுச் சிதைவு கணிசமானது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த அடி விழுவது ஆரோக்கியமான சிறுநீரகத்தின் மேல் அல்ல. ஷாக்கில் பல மணி நேரம் ரத்தம் போதாமல் தவித்த சிறுநீரகம் அது. ஆஞ்சியோகிராமுக்குக் கொடுத்த சாயமும் அதன் வழியாகத்தான் போயிருக்கும். பலருக்குச் சில நாள் டயாலிசிஸ் தேவைப்படும், அப்புறம் சிறுநீர் திரும்ப வரும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் இறங்கும். வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். கிரியேட்டினின் பழைய அளவுக்கு வந்தால் சிறுநீரகமும் பழையபடி ஆகிவிட்டது என்று பொருளில்லை. இறந்த நுண்குழல்கள் இருந்த இடத்தில் வடு. மிச்சமிருப்பவை கூடுதல் சுமையை இழுக்கின்றன. ஐ.சி.யூ.வில் படுத்துத் தசை கரைந்தவருக்குக் கிரியேட்டினின் இயல்பாகவே குறைவாகத்தான் காட்டும், எனவே அந்த எண் ஆறுதலாக ஏமாற்றும். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வந்து போனவர்களுக்குப் பின்னாளில் நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். மூன்றாவது மாதத்தில் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல் 2012இலேயே சொல்லிவிட்டது. இதய மருத்துவரிடம் போகும் நோயாளிக்கு அந்தச் சோதனை நினைவூட்டப்படுகிறதா என்பது வேறு கேள்வி.

இன்னொரு பாக்கி இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சிவப்பணு சிதைந்தால் ரத்தசோகை, ரத்தசோகை என்றால் ரத்தம் ஏற்றுவது. பாக்கெட் பாக்கெட்டாக ஏறும் ரத்தத்தில் வேறொருவரின் வெள்ளணுக்களும் கொஞ்சம் இருக்கும். அவற்றைப் பார்த்து உடல் எதிர்ப்புரதங்களை உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த இதயம் தேறாமல் ஒருநாள் மாற்று இதயத்துக்கான பட்டியலில் பெயர் ஏறும்போது, கிடைக்கும் இதயங்களில் பலவற்றை அந்த எதிர்ப்புரதங்கள் ஏற்கவிடாது. காத்திருப்பு நீளும். சில மணி நேரம் பம்ப் இடம் மாறி நின்றதற்கும், இரண்டு வருடம் கழித்துப் பொருந்தும் இதயம் கிடைக்காததற்கும் இப்படி ஒரு நூல் ஓடக்கூடும். அந்த நூலைப் பின்னோக்கிப் பிடித்துப் போகிறவர் யாரும் பெரும்பாலும் இல்லை.

வால்வுகளின் கதை நேரடியானது. உள்ளே இறங்கிய முனை மிட்ரல் நாண்களில் சிக்கலாம். சிக்கியதை அறியாமல் இழுத்தால் நாண் அறுந்து வால்வு கசியும். பெரிய கசிவு அன்றே மூச்சுத்திணறலாகத் தெரியும், அறுவைச் சிகிச்சைக்கே போக வேண்டிவரலாம். சிறிய கசிவு அப்படியல்ல. ஏற்கெனவே பலவீனமான இதயத்தில் லேசான கசிவு இருப்பதும், பம்பினால் புதிதாக வந்த கசிவும் எக்கோவில் ஒரே மாதிரிதான் தெரியும். மாதக்கணக்கில் இடது மேலறை விரிந்து, துடிப்பு ஒழுங்கு தவறி, படியேற முடியாமல் வரும்போதுதான் திரும்பிப் பார்ப்பார்கள். அயோர்ட்டிக் வால்விலும் இதழ் உரசிக் காயம் படலாம். குழாய் குறுக்கே கிடக்கும்வரை கசிவு எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்வதே கடினம், எடுத்த பிறகுதான் தெரியும். அதனால் சாதனத்தை எடுத்தபின் நிதானமாக ஓர் எக்கோ பார்ப்பது சடங்கு அல்ல.

சுவரைத் துளைப்பது அரிது, ஆனால் நடக்கிறது. இம்பெல்லா பம்புகளால் இடது கீழறை துளைக்கப்பட்ட புகார்கள் குறித்து அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 மார்ச்சில் அதன் மிகக் கடுமையான வகை எச்சரிக்கையை வெளியிட்டது. 129 தீவிரக் காயங்கள், அவற்றில் 49 மரணங்கள் பதிவாகியிருந்தன. பம்பை வைக்கும்போதும் நகர்த்தும்போதும் படம் பார்த்துக் கவனமாகச் செய்ய வேண்டும் என்பதே திருத்திய அறிவுறுத்தலின் சாரம்.

கால் பற்றியும் சொல்ல வேண்டும். பம்ப் நகர்வதற்கும் காலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு நகர்வும் இன்னும் சில மணி நேரம் காலை நீட்டி அசையாமல் படுத்திருக்க வைக்கிறது, கதீட்டர் நுழைவதற்காகத் தொடைத் தமனியில் வைத்திருக்கும் உறைக்குழாயை இன்னொரு முறை உலுக்குகிறது. அந்த உறை வழியை அடைத்து ரத்தம் குறைந்த காலில் நரம்பு சேதமானால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். வீட்டுக்கு வந்தபின் செருப்பு தானாகக் கழன்று விழுவதை வைத்துத்தான் சிலர் அதைக் கவனிக்கிறார்கள். இதயத்துக்கான சிகிச்சை என்பதால் பாதத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பழைய பலூன் பம்பிலும் இடம்தான் எல்லாம். ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் 1967இல் முதலில் பயன்படுத்திய அந்தச் சாதனம், மகாதமனிக்குள் துடிப்போடு ஒத்து ஹீலியத்தால் உப்பிச் சுருங்கும். முனை இடது கைக்குப் போகும் தமனிக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். மேலே ஏறினால் இடது மணிக்கட்டில் நாடி மங்கும். கீழே இறங்கினால் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் போகும் தமனிகளின் வாயில் பலூன் போய் நிற்கும். அதன் மீதான நம்பிக்கை 2012இல் வந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது, ஷாக்கில் உயிரிழப்பை அது குறைக்கவில்லை.

இதுவரை பார்த்தது நாட்கணக்கில் உள்ளே இருக்கும் சாதனங்கள். இடது கீழறைக்கு உதவியாக வருடக்கணக்கில் சுமக்கும் எல்வாட் பம்புகளில் நகர்வு என்பதே வேறு வேகத்தில் நடக்கும் காரியம். அறுவைச் சிகிச்சையில் இதயத்தின் முனையில் தைத்துப் பொருத்துவதால் அது ஓர் இரவில் நழுவாது. கோணம் மாறும். உறிஞ்சும் குழாயின் வாய் மிட்ரல் வால்வைப் பார்த்தபடி, நடுச்சுவருக்கு இணையாக இருக்க வேண்டும். பழைய ஹார்ட்மேட் 2 பம்ப் வயிற்றுச் சுவரில் ஒரு பையில் உட்காரும். உடல் எடை ஏறினாலும் இறங்கினாலும், உதரவிதானம் மேலும் கீழும் போகப் போக, பம்ப் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். வாய் நடுச்சுவரைப் பார்க்கத் தொடங்கினால் இதயத்தின் சுமை சரியாக இறங்காது. நோயாளிக்கு மூச்சு வாங்கும், மிட்ரல் கசிவு போகாது, கம்ப்யூட்டரில் பம்ப் ஓட்டம் மட்டும் ஓரளவு நன்றாகவே தெரியும். ஓட்டம் தடைபட்ட மூலையில் ரத்தம் உறையும். அந்தப் பம்பில் பொருத்திய மூன்று மாதத்துக்குள் உறைவு ஏற்படும் விகிதம் 2.2 சதவீதத்திலிருந்து 8.4 சதவீதமாக ஏறியிருந்ததை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியபோது துறையே அதிர்ந்தது. காரணம் ஒன்றல்ல. ஆனால் அதற்குப் பிறகு வந்த பரிந்துரைகளில் பையை ஆழமாக அமைக்க வேண்டும், வாயின் கோணம் இப்படி இருக்க வேண்டும் என்பவை முக்கிய இடம் பிடித்தன.

இதைக் கண்டுபிடிக்கச் செய்யும் சோதனை எளிமையானது, எனக்குப் பிடித்தமானதும்கூட. எக்கோ பார்த்தபடியே பம்பின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். வேகம் ஏற ஏறக் கீழறை சிறுக்க வேண்டும். வேகம் ஏறியும் அறை அப்படியே இருந்தால் எங்கோ அடைப்பு, உறைவு அல்லது கோணல்.

காந்தத்தில் மிதந்து சுழலும் ஹார்ட்மேட் 3 உறைவுப் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தது. அது நெஞ்சுக்குள்ளேயே இதயத்தின் முனையில் உட்காருவதால் சாயும் இடமும் குறைவு. ஆனால் வெளியேறும் குழாய் பம்போடு சேரும் இணைப்பு சுழலக்கூடியதாக இருந்தது. இதயம் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு திருகல். மாதங்கள் போனபின் சிலருக்குக் குழாய் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டது, ஓட்டம் விழுந்தது. 2018இல் இதற்காக எச்சரிக்கை வந்தது. அப்புறம் அந்த இணைப்பு சுழலாமல் பூட்டி வைக்க ஒரு கிளிப் வந்தது. எத்தனையோ பொறியியல் நுட்பங்கள் நிறைந்த சாதனத்தில் தேவைப்பட்ட திருத்தம் ஒரு கிளிப்.

பேஸ்மேக்கரின் கம்பி நழுவுவதும் இந்தக் குடும்பத்துச் சங்கதிதான் என்பதால் ஒரு வார்த்தை. பெரும்பாலும் முதல் சில வாரங்களில் நழுவும், திரும்பப் பொருத்திவிடலாம். ஆனால் பொருத்த வேண்டுமென்றால் பேஸ்மேக்கரை வைத்துத் தைத்த, ஆறிக்கொண்டிருக்கும் தோலடிப் பையை மறுபடி திறக்க வேண்டும். சீக்கிரத்தில் இப்படித் திறப்பதுதான் பின்னாளில் தொற்று வருவதற்கான வலுவான காரணங்களில் ஒன்று. நழுவல் செய்யாத கெடுதலை அதைச் சரிசெய்வது செய்துவிடும்.

இவ்வளவும் படித்துவிட்டு இந்தப் பம்புகளே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்தால் அது தவறு. 2024இல் வந்த டேன்ஜர் ஷாக் ஆய்வில் பெரிய மாரடைப்பால் ஷாக்குக்குப் போனவர்களில், இம்பெல்லா வைத்தோரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 45.8 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 58.5 சதவீதம். அதே ஆய்வில் டயாலிசிஸ் போன்ற சிறுநீரக உதவி தேவைப்பட்டவர்கள் பம்ப் பக்கம் 41.9 சதவீதம், மறுபக்கம் 26.7 சதவீதம். உயிரோடு எழுந்து போகிறவர்கள் கூடுகிறார்கள், அவர்களில் பலர் சிறுநீரகத்தில் ஒரு தழும்போடு போகிறார்கள். அந்தச் சுமை எல்லாம் பம்ப் நகர்ந்ததால் வந்ததல்ல. எவ்வளவு பங்கு நகர்வுக்கு என்று ஒரு தனி நோயாளியிடம் பிரித்துச் சொல்வது கடினம்.

கடினம் என்பதற்கு ஒரு காரணம் காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது பொதுவாக "எக்கோ பார்த்துச் சாதனம் மறுபடி நிலைநிறுத்தப்பட்டது" என்று ஒரு வரியாக இருக்கும், அதுவும் இருந்தால். எந்த நாள், எத்தனை மணி நேரம் இடம் மாறி நின்றது, கட்டற்ற ஹீமோகுளோபின் எவ்வளவு வரை ஏறியது, எத்தனை யூனிட் ரத்தம் ஏறியது, எடுத்தபின் வால்வுகள் எப்படி இருந்தன என்பவை ஐ.சி.யூ. குறிப்பேட்டில் மணிக்கு மணி பதிவாகியிருக்கும். மூன்று மாதம் கழித்துக் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கும் மருத்துவருக்கும், மாற்று இதயத்துக்குப் பரிசோதிக்கும் குழுவுக்கும் தேவைப்படுவது அந்தப் பக்கங்கள்தான். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மருந்துச் சீட்டோடு அவற்றின் நகலையும் எழுதிக்கொடுத்துக் கேட்கலாம். பல இடங்களில் கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் அவை ஆவண அறைக்குப் போய்விடும்.